யானை வாங்கியாச்சு, தீனிக்கு என்ன வழி?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு நூலகத்தின் கதையைச் சொல்லியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நான் மராமத்துப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில், ஒரு நகராட்சியின் நூலகத்தில் மொட்டைமாடிக் கதவின் சாவி தொலைந்துபோனது. பூட்டிய கதவு பூட்டியபடியே கிடந்ததால் மழைநீர்க் குழாயின் வாயில் சேர்ந்த இலைக்குப்பையை அள்ள யாரும் மேலே போகவில்லை. தண்ணீர் மாடியிலேயே தேங்கியது. மூன்றாவது வருஷம் வாசிப்பறைக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை, அதற்கு அடுத்த வருஷம் அது பாய் அளவு, அப்புறம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் கான்கிரீட் பாளம் ஒன்று பெயர்ந்து மேசை மேல் கிடக்கிறது, மேலே கம்பி விலா எலும்பு மாதிரித் தெரிகிறது. நல்லவேளை, விழுந்தது ராத்திரியில்.

அந்தக் கதையின் முடிவில் "பொதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுகிற அன்றைக்கே அதன் கடன் தொடங்கிவிடுகிறது" என்று ஒரு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப்பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கே: பணம் கொடுத்துக் கட்டி முடித்த கட்டடத்துக்கு ஏது கடன்? வார்த்தை ஜாலம் வேண்டாம். – சொத்து வரியைத் தவறாமல் கட்டும் ஒருவர்

ப: ஜாலமெல்லாம் இல்லை ஐயா. கட்டடத்தை நாம் ஒரே பொருளாகப் பார்க்கிறோம், ஆனால் அது வெவ்வேறு ஆயுள் கொண்ட பல பொருள்களின் மூட்டை. வெளிப்பெயின்ட் 5 முதல் 8 வருஷம் தாங்கும். தட்டைக் கூரையின் நீர்க்காப்பு 15 முதல் 25 வருஷம். ஏ.சி. எந்திரங்கள் 15-20, லிஃப்ட் 20-25, ஒயரிங் 30-40, அஸ்திவாரமும் தூணும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் 50-க்கு மேல், நூறுகூடத் தாங்கும். உப்புக்காற்றும் மழையும் மட்டமான வேலையும் இந்தக் கணக்கைக் கீழே இழுக்கும் என்பதால் இதெல்லாம் தோராயம்தான். ஆனால் இப்படிப் பாருங்கள்: 25 வருஷம் ஓடக்கூடிய லிஃப்டில் ஒரு வருஷம் ஏறி இறங்கினோம் என்றால் அதில் 25-ல் ஒரு பங்கைத் தின்று தீர்த்துவிட்டோம். அதற்கு ஈடான பணத்தை எடுத்து வைத்தோமா? வைக்கவில்லை என்றால் அந்தப் பங்கு பாக்கி. வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்காத பாக்கி என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

கம்பெனிகள் இதைத் தேய்மானம் என்று கணக்கில் எழுதியாக வேண்டும். உள்ளாட்சிகள் பல நாடுகளில் வெகுகாலம் வரவு செலவுக் கணக்கு மட்டுமே எழுதிவந்தன: பணம் வந்தது, பணம் போனது, மிச்சம் இவ்வளவு. கூரை கிழவனாகிக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் எங்கும் ஏறாது. அமெரிக்காவில் மாநில, நகர அரசுகள் தங்கள் கட்டடம், பாலம், சாலை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்து தேய்மானமும் எழுத வேண்டும் என்ற விதியே 1999-ல்தான் வந்தது. அப்படி எழுதினாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. தேய்மானம் என்று ஏட்டில் எழுதுவதால் பெட்டியில் காசு சேர்ந்துவிடாது. அதற்குத் தனியாக மனசு வர வேண்டும்.

கே: வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? சுற்றி வளைக்காமல் ஓர் எண் சொல்லுங்கள். பட்ஜெட் கூட்டம் வருகிறது. – முதல்முறை கவுன்சிலரான ஒருவர்

ப: 2 முதல் 4 சதவீதம். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990-ல் பொதுக் கட்டடங்களுக்குச் சொன்ன எண் இது. இன்றுவரை பல ஊர்களில் இதையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள்.

எதில் 2 முதல் 4 சதவீதம் என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள், கவனமாக இருங்கள். கட்டடத்தைக் கட்டியபோது ஆன செலவில் இல்லை. அதே கட்டடத்தை இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் என்ன ஆகுமோ, அந்தத் தொகையில். நாற்பது வருஷம் முன்பு கட்டிய மண்டபத்தின் பழைய விலையில் 2 சதவீதம் என்று ஒதுக்கிவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வாசற்கதவுக்கு எண்ணெய் விடத்தான் பற்றும். இரண்டாவது, இந்த 2-4 சதவீதம் வழக்கமான பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் மட்டும். கூரையையே மாற்றுவது, லிஃப்டையே மாற்றுவது, கட்டடத்தையே இடித்துக் கட்டுவது இதெல்லாம் தனிப்பெட்டி.

மூன்றாவதும் ஒன்று உண்டு, கூட்டத்தில் கட்டாயம் யாராவது கிளப்புவார்கள்: "புதுக் கட்டடம்தானே, இந்த வருஷம் எதற்கு ஒதுக்கீடு?" புதுசில் செலவு குறைவு என்பது உண்மைதான். அதனால்தான் அந்த வருஷங்களில் மிச்சமாவதைச் சேர்த்துவைக்க வேண்டும். சம்பளக்காரன் முதுமைக்குச் சேர்ப்பது வாலிபத்தில்தானே.

கே: 20 வருஷம் கழித்து மாற்ற வேண்டிய கூரைக்கு இன்றைக்கே பணம் போட்டால் விலைவாசி அதைத் தின்றுவிடாதா? – கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர்

ப: நல்ல கேள்வி, கணக்கோடு பதில் சொல்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை மாற்ற இன்றைக்கு 100 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானச் செலவு வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 20 வருஷத்தில் அது சுமார் 265 ஆகிவிடும். வருஷம் 5 வீதம் 20 வருஷம் பீரோவில் போட்டுவந்தால் கையில் இருப்பது 100. பாக்கி 165-க்கு அன்றைக்கு யாரையாவது பிடித்துத் தொங்க வேண்டும். நீங்கள் பயப்படுவது இதைத்தான், அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் இரண்டு சின்ன மாற்றம் செய்யுங்கள். பணத்தை 5 சதவீதம் வட்டி வரும் இடத்தில் போடுங்கள், முதல் வருஷம் 5 போட்டால் அடுத்த வருஷம் 5.25, அதற்கடுத்து 5.51 என்று போடுகிற தொகையையும் விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போங்கள். 20 வருஷ முடிவில் 265 சேர்ந்திருக்கும், கூரை மாறிவிடும். வட்டி விலைவாசியைவிடக் குறைந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும். வரி வருமானமும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் இந்த ஏற்றம் யாருக்கும் பெரிதாக உறைக்காது. உறைப்பதெல்லாம் ஒரே வருஷத்தில் 265 கேட்கும்போதுதான்.

தணிக்கைக்காரரிடம் இதைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான். ஆனாலும் எத்தனை நகராட்சிகளில் ஒதுக்கு நிதி வருஷா வருஷம் ஒரே தொகையாகவே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கே: ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் குடிமுழுகிப் போய்விடுமா? எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பத்து வருஷமாகத் தொடவில்லை, நன்றாகத்தான் நிற்கிறது. – பெயர் வேண்டாம் என்றவர்

ப: ஒரு வருஷத்தில் முழுகாது. அதுதான் இதில் உள்ள ஆபத்தே. தள்ளிப்போட்ட வருஷம் எதுவுமே நடக்காததால், தள்ளிப்போட்டவருக்கு நல்ல நிர்வாகி என்ற பெயர் கிடைக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம்; அந்தக் காரத்தால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகித் துரு ஏறாமல் காக்கிறது. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அது கம்பிவரை எட்டிவிட்டால், கூடவே ஈரமும் சேர்ந்துவிட்டால், துரு பிடிக்கத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்குவரை இடம் அடைக்கும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், உள்ளிருந்து பிளக்கிற விசையைத் தாங்காது. அதனால் முதலில் கம்பி போகிற வழியிலேயே மயிரிழை விரிசல், அந்த விரிசல் வழியாக இன்னும் தண்ணீர், இன்னும் துரு, கடைசியில் பாளம். ஆரம்பத்தில் பத்து வருஷம் ஒன்றுமே தெரியாது, பிறகு இரண்டே வருஷத்தில் எல்லாம் தெரியும். உங்கள் பள்ளிக்கூடம் "நன்றாகத்தான் நிற்கிறது" என்கிறீர்களே, எங்கள் நூலகமும் அந்த ராத்திரிவரை நன்றாகத்தான் நின்றது. ஒரு வேலை செய்யுங்கள், சின்னச் சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை அங்கங்கே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியாக 'டங்' என்றால் சரி. பொத்தென்று வெற்றொலி கேட்டால் பூச்சோ கான்கிரீட்டோ உள்ளே பிரிந்து நிற்கிறது, அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை முதலில் வேறு அறைக்கு மாற்றிவிட்டு அப்புறம் பொறியாளருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

டி சிட்டர் என்ற டச்சுப் பொறியாளர் 1984-ல் ஒரு கணக்குச் சொன்னார்: கட்டும்போதே ஒழுங்காகச் செய்ய 1 செலவானால், சேதம் தொடங்குமுன் பராமரிக்க 5, சேதம் தொடங்கியபின் பழுதுபார்க்க 25, முற்றிய பிறகு புதுப்பிக்க 125. அப்படியே மடங்கு மடங்காக எல்லா இடத்திலும் வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் போகிற திசை அதுதான்.

தள்ளிப்போடுவதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நியூயார்க்குக்குப் போக வேண்டும். 1973 டிசம்பரில் அங்கே வெஸ்ட் சைடு ஹைவே என்ற உயர்மட்டச் சாலையின் ஒரு பகுதி ஒரு லாரியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. லாரியில் என்ன இருந்தது தெரியுமா? அதே சாலையைச் செப்பனிடக் கொண்டுபோன தார்க்கலவை.

கே: வெளியே புதுப் பெயின்ட் அடித்து, உள்ளே டைல்ஸ் மாற்றினால் மக்களுக்குத் திருப்திதானே? – ஒப்பந்ததாரர்

ப: உங்களுக்கும்.

கே: தேவைப்படும்போது கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டிக்கொள்ளலாமே, எதற்கு இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தொல்லை? கடன் வாங்குவது பாவமா? – பொருளாதார மாணவி

ப: பாவமே இல்லை அம்மா, சில வேளைகளில் அதுதான் நியாயமும்கூட. ஐம்பது வருஷம் நிற்கப்போகிற ஆஸ்பத்திரியின் முழுச் செலவையும் இந்த ஐந்து வருஷத்து வரிகட்டுபவர் தலையில் கட்டுவது சரியில்லை. நாளைக்குப் பயன்படுத்தப்போகிறவரும் தன் பங்கைக் கொடுக்கட்டும் என்றால் அதற்குக் கடன்தான் வழி. ஆனால் விலை தெரிந்து வாங்க வேண்டும். 100 கடன் வாங்கி 6 சதவீத வட்டியில் 20 வருஷத்தில் அடைத்தால் வருஷத்துக்குச் சுமார் 8.7 கட்ட வேண்டும், மொத்தம் 174 சொச்சம். சேர்ப்பவனுக்கு வட்டி உள்ளே வருகிறது, கடன்காரனுக்கு வெளியே போகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் சண்டை போடுவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளமாக இருப்பது. எட்டு வருஷத்தில் உரிந்துபோகிற பெயின்டுக்கு 25 வருஷக் கடன் வாங்கினால், அந்தப் பெயின்டைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார், கூடவே அதற்குப் பிறகு அடித்த இரண்டு பெயின்டுக்கும். இன்னொன்று, அன்றாடச் செலவை மூலதனச் செலவு, அதாவது கட்டடம், பாலம் மாதிரி நெடுநாள் நிற்கிறவற்றுக்கான செலவு என்று பெயர் மாற்றிக் கடனில் தள்ளுவது. 1975-ல் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்புவரை போனதே, அதற்கு முந்தைய வருஷங்களில் அங்கே சம்பளம் போன்ற நடைமுறைச் செலவுகளைக்கூட மூலதனக் கணக்கில் நுழைத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டியது எதை? பராமரிப்பை. அந்த வெட்டின் வலி பல வருஷத்துக்கு நீண்டது. பாடம் படித்தார்கள் என்றும் சொல்ல வேண்டும்: பெரிய கட்டடங்களும் பாலங்களும் என்ன நிலையில் இருக்கின்றன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று வருஷா வருஷம் அறிக்கை வெளியிட வேண்டும் என்று அந்த நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்திலேயே இப்போது எழுதியிருக்கிறது.

கே: கஷ்டப்பட்டு நிதி சேர்த்தால் அடுத்து வரும் தலைவர் எடுத்துப் பண்டிகை விளக்குக்குச் செலவழிப்பார். அதற்கென்ன செய்வீர்கள்? – சலித்துப்போன ஒரு கவுன்சிலர்

ப: எனக்கு வந்த கடிதங்களிலேயே உண்மையைத் தொட்ட கடிதம் இதுதான். கணக்கு யாருக்கும் கஷ்டமில்லை, பானையைக் காப்பதுதான் கஷ்டம். பொதுக்கணக்கில் கிடக்கிற பணத்துக்கு எத்தனை சொந்தக்காரர்கள் முளைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை செய்கிற வழிகள் என்று நான் பார்த்தவை இவை. நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி விதி. அந்த விதியை மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதாது என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுவது. பணம் வருவதையும் வருஷா வருஷம் கெஞ்சிப் பெறும்படி வைக்காமல், சொத்து வரியில் இத்தனை சதவீதம் தானாக அங்கே போய்விடும் என்று வாய்க்கால் வெட்டிவிடுவது. நிலமோ பழைய கட்டடமோ விற்ற பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது, இதற்கு மட்டும்தான் என்று தடுப்பது. எதிர்பாராமல் வந்த உபரி இருந்தால் அதில் பாதி இங்கே. நிஜமாகவே வெள்ளம், தொற்றுநோய் என்று வந்துவிட்டால் எடுக்கலாம்தான், ஆனால் எந்தத் தேதிக்குள் திருப்பிப் போடுவது என்று அதே தீர்மானத்தில் எழுதிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு தந்திரமும் உண்டு, எனக்குப் பிடித்தது. நகராட்சியின் ஒவ்வொரு துறையும் தான் இருக்கும் கட்டடத்துக்கு நகராட்சிக்கே வாடகை கொடுக்க வேண்டும், அந்த வாடகை பராமரிப்பு நிதிக்குப் போகும். இடது பையில் இருந்து வலது பைக்குத்தான் என்று சிரிப்பீர்கள். ஆனால் வாடகை என்று ஒன்று வந்த மறுமாதமே, "எங்களுக்கு இவ்வளவு பெரிய மாடி தேவையில்லை, பாதியைத் திருப்பித் தருகிறோம்" என்று துறைத்தலைவர்கள் தாங்களாகவே வருவார்கள். இலவசமாகக் கிடைத்தவரை இடம் போதவில்லை என்று அழுதவர்கள் இவர்கள்.

பண்டிகை விளக்கைப் பற்றி: அதை நிறுத்தச் சொன்னால் ஊரே உங்களை அடிக்க வரும். பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், எந்தப் பள்ளியின் கூரை எந்த வருஷம் மாற வேண்டும் என்று. அந்தப் பள்ளியின் பெற்றோர் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

கே: தனியாரிடம் கொடுத்துவிட்டால் கட்டுவதும் அவர்கள், 30 வருஷம் பராமரிப்பதும் அவர்கள். நமக்கு நிம்மதி. – தொழில்முனைவோர்

ப: பாதி நிம்மதி. இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல குணம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பராமரிப்புப் பணம் ஒப்பந்தத்திலேயே கட்டுப்பட்டுவிடுவதால் எந்தத் தலைவராலும் அதில் கைவைக்க முடியாது. அதே குணம்தான் குற்றமும். வருமானம் விழுந்த வருஷத்திலும் அந்தத் தவணையைக் கட்டியே ஆக வேண்டும், அதனால் நகராட்சி தானே வைத்திருக்கும் மற்றக் கட்டடங்களின் பங்குதான் வெட்டுப்படும். இந்த முறையைப் பெரிய அளவில் செய்துபார்த்த பிரிட்டன் 2018-ல் இனிப் புதிதாக இப்படி ஒப்பந்தம் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது.

மேற்பார்வை பார்க்கிற பொறுப்பும் நம்மை விட்டுப் போய்விடும் என்று நினைத்தால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தைப் பாருங்கள். 2016 ஜனவரியில் ஒரு புயல் நாளில் அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியின் வெளிச்சுவர் சரிந்தது, சுமார் 9 டன் செங்கல். நல்லவேளை, பிள்ளைகள் யாரும் அப்போது அங்கே இல்லை. தோண்டிப் பார்த்ததில் இரண்டு அடுக்குச் சுவரையும் இணைக்கிற உலோகப் பட்டைகள் போதிய ஆழத்துக்குப் பதியவில்லை என்று தெரிந்தது. இதே மாதிரித் தனியார் கூட்டில் கட்டிய 17 பள்ளிகளை ஏப்ரலில் மூட வேண்டிவந்தது. செங்கல் வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க நகராட்சியின் ஆள் ஒருவர் வேண்டும், கட்டுகிறவர் யாராக இருந்தாலும்.

கே: எங்களிடம் இருநூறு கட்டடத்துக்கு மேல் இருக்கிறது. இருக்கிற காசு இருபதுக்குக்கூடப் போதாது. எங்கே தொடங்குவது? – நகராட்சிப் பொறியாளர்

ப: தம்பி, முதலில் அது 'இருநூறுக்கு மேல்' என்பதைச் சரியாக எத்தனை என்று எண்ணுங்கள். கேலி செய்யவில்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெரிய பெரிய அரசுகளே மாட்டியிருக்கின்றன. பிரிட்டனில் 1950-களில் தொடங்கி 1990-கள்வரை நுரை போன்ற லேசான ஒரு கான்கிரீட் பலகையைக் கூரைகளுக்கு இஷ்டத்துக்குப் போட்டார்கள். 2018-ல் ஒரு பள்ளியில் அந்தக் கூரை வார இறுதியில் இடிந்து விழுந்தது. எந்தெந்தக் கட்டடத்தில் அந்தப் பலகை இருக்கிறது என்று தேடித் தேடி, கடைசியில் 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிடம் அந்தப் பகுதிகளை மூடச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு நோட்டு, இரண்டு ஆள், ஆறு மாதம். ஒவ்வொரு கட்டடத்திலும் கூரை, சுவர், ஒயரிங், குழாய், லிஃப்ட், தீயணைப்பு என்று ஒவ்வொன்றும் எந்த வருஷத்தது, இப்போது எப்படி, சரிசெய்ய எவ்வளவு. அப்புறம் ஒரு வகுத்தல் கணக்கு: தள்ளிப்போட்ட வேலைகளின் மொத்தச் செலவை, கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுங்கள். 5 சதவீதத்துக்குள் என்றால் நல்ல நிலை, 5-லிருந்து 10 சுமார், 10-க்கு மேல் மோசம் என்று பொதுவாகச் சொல்வார்கள். (கட்டடத்தின் மதிப்பைக் கூட்டிக் காட்டினால் இந்தச் சதவீதம் தானாக இறங்கிவிடும். அந்த வித்தையை யாராவது செய்தால் பிடியுங்கள்.) வரிசை போடும்போது உயிருக்கு ஆபத்தானது முதலில், அடுத்து தண்ணீர். கூரை, வடிகுழாய், சன்னல் ஓரம் என்று தண்ணீர் நுழைகிற இடத்தை அடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கொஞ்ச நாள் காத்திருக்கும். அழகு வேலை கடைசியில்.

இனிமேல் சொல்வது பிடிக்காது. இருநூறில் சிலவற்றை நீங்கள் மூடத்தான் வேண்டும். ஜப்பானில் 2012 டிசம்பர் 2-ல் சாசாகோ சுரங்கச்சாலையின் கூரைப் பலகைகள் விழுந்து 9 பேர் இறந்தார்கள். பழசாகிப்போன பொதுச் சொத்துகளைப் பற்றி நாடே பேசத் தொடங்கிய நேரம் அது. 2014-ல் எல்லா உள்ளாட்சிகளும் தங்கள் கட்டடம், சாலை, குழாய் அத்தனைக்கும் சேர்த்து நீண்டகாலத் திட்டம் போட வேண்டும் என்று அரசு கேட்டது. மக்கள்தொகை குறைந்துவரும் ஊர்களில் அந்தத் திட்டங்கள் வெளிப்படையாகவே "இத்தனை சதுர மீட்டரை எங்களால் பராமரிக்க முடியாது, இவ்வளவாகக் குறைப்போம்" என்று எழுதின. நூலகம், சமூகக்கூடம், முதியோர் நிலையம் மூன்றையும் பள்ளி வளாகத்துக்குள் கொண்டுவந்து ஒரே கூரையில் வைப்பது போல. மூன்று ஒழுகும் கூரைக்குப் பதில் ஒழுகாத ஒன்று. மூடுவதற்குப் போகும்போது கல் விழும், ஹெல்மெட்டோடு போங்கள்.

கே: மேலிருந்து மானியம் வரட்டும் என்று காத்திருப்பதில் என்ன தப்பு? – ஒரு நகராட்சி ஊழியர்

ப: மானியம் பெரும்பாலும் புதுக் கட்டடத்துக்குத்தான் வரும். ரிப்பன் இருந்தால்தான் வெட்ட ஆள் வருவார், வடிகுழாயைச் சுத்தம் செய்ததற்கு யார் கல்வெட்டு வைக்கப்போகிறார்? இதில் ஒரு வேடிக்கை, கவனித்தீர்களா: பழசை ஒழுங்காகப் பராமரித்த ஊருக்கு ஒன்றும் கிடைக்காது, இடியும்வரை விட்ட ஊருக்குப் புதுசு கிடைக்கும். இந்தப் பாடத்தை நகராட்சிகள் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.

பணக்கார நாடு என்பதால் தப்பித்துவிடவும் முடியாது. ஜெர்மனியில் அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. 2024-ல் வெளியிட்ட ஆய்வில் உள்ளாட்சிகள் செய்யாமல் தேக்கி வைத்திருக்கும் முதலீடு சுமார் 186 பில்லியன் யூரோ என்று வந்தது, அதில் மிகப் பெரிய பங்கு பள்ளிக் கட்டடங்களுக்கு. எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது: சான் பிரான்சிஸ்கோ நகரம் அடுத்த 10 வருஷத்துக்கான மூலதனத் திட்டத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வெளியிட வேண்டும் என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டது. அதில் எதைச் செய்கிறோம் என்பதோடு எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதும் இருக்கும். எனக்கு அந்த இரண்டாவது பட்டியலைத்தான் பிடிக்கும், பொதுவாக அதை யாரும் அச்சடிப்பதில்லை.

கே: போன இதழில் சொன்ன நூலகத்தின் மொட்டைமாடிச் சாவி கடைசியில் கிடைத்ததா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். – பள்ளி மாணவர்

ப: கிடைக்கவில்லை. கூரை விழுந்த பிறகு ஒரு தச்சரைக் கூப்பிட்டோம், உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார், பூட்டு கையோடு வந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேலே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. குழாயின் வாயில் இருந்த குப்பையைக் காவலாளி கையாலேயே அள்ளிப் போட்டார், ஒரு வாளி இருக்கும். பிறகு பழைய கோப்புகளைப் புரட்டியபோது ஒரு கடிதம் அகப்பட்டது: பூட்டை உடைத்துப் புதுப்பூட்டு வாங்க அனுமதி கேட்டு நூலகர் நான்கு வருஷத்துக்கு முன்பு எழுதியது. ஓரத்தில் யாரோ பச்சை மையில் குறித்திருந்தார்கள்: "நிதி இல்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம்."